பட்டி பூசிய இடம்

ஜெயம்மாவின் வலது கால் வண்டியின் அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே போனபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு மீன் ஏற்றிப் போகும் தனசேகரின் குட்டியானை வண்டி மெதூர் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்னால் மீன் விற்கப் போகும் ஏழு பெண்கள், அவர்களுடைய கூடைகள், ஐஸ் பெட்டிகள். சரிந்த கூடை ஒன்றைப் பிடிக்க ஜெயம்மா ஒரு எட்டு வைத்தாள். அந்த எட்டைத் தகடு தாங்கவில்லை.

கேபினின் பின்கண்ணாடியை யாரோ அறைந்தார்கள். கூடை விழுந்துவிட்டது போல என்று நினைத்துத்தான் தனசேகர் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிக் குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. பாதத்திலிருந்து ரத்தம் தார் ரோட்டில் சொட்டியது. இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் ரோடு இழுத்திருக்கும்.

மேலே ஏறி, காலைக் கவ்வியிருந்த தகட்டை விரித்தான். கம்பி, லீவர் எதுவும் தேவைப்படவில்லை. கையால் இழுத்ததும் அப்பளம் போல உடைந்து வந்தது. துண்டால் காலை இறுக்கிக் கட்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு ஓட்டி, ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் தானே அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"சேகரு மட்டும் இல்லனா இன்னிக்கு ஜெயம்மாவ பாத்திருக்க முடியாதுபா" என்றாள் இந்திராணி. ஏழு பேரில் மூத்தவள் அவள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருத்தி அவன் கையில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். டீயை வாங்க விரித்தபோதுதான் இடது உள்ளங்கையில் ஒரு துண்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தான். ஒரு பக்கம் நீலப் பெயிண்ட். மறுபக்கம் ஓட்டை அடைக்கப் பூசும் சாம்பல் நிறப் பட்டி. அதில் இரும்பே இல்லை. துண்டை வாசல் சாக்கடையில் போட்டுவிட்டு டீயைக் குடித்தான்.

தனசேகர் கடலோரக் குப்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாதவன். பதினாறு வயதிலிருந்து அண்ணன்களோடு படகில் போனான். அலை கொஞ்சம் புரண்டாலே குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பான். பத்து வருடம் அப்படியே போய்ப் பார்த்தான், பழகவில்லை. குப்பத்தில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த டிரைவராகச் சில வருடம் இருந்தான். துறைமுகத்தை எதிர்த்து ஊரே போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்த நாட்களில் அவன் அடையாள அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அதுவும் நிலைக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு மெதூர்ப் பக்கத்து விவசாயி வேதாசலத்திடமிருந்து இந்த வண்டியை வாங்கினான். நெல்லும் உர மூட்டையும் ஏற்றிய வண்டி. வேதாசலம் அதைப் பம்புசெட்டுத் தண்ணீரில் கழுவிக் கழுவி வைத்திருந்தார். பின்பாடியின் தகட்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் கேட்டது.

முதல் வாரமே பெண்கள் ஏறிக்கொண்டார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மீன் கூடையோடு ஏறினால் பஸ்ஸில் மூஞ்சியைச் சுளிப்பார்கள். இவன் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. 'சேகரு வண்டி' என்று பேராகிவிட்டது. விடிந்ததும் பாலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் அவனுக்காகக் காத்திருப்பார்கள். தனக்காக நாலு பேர் காத்திருப்பது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

ஆனால் மீன் தண்ணீர் பொல்லாதது. ஐஸ் உருகி, உப்போடும் ரத்தத்தோடும் சேர்ந்து, தகடு குறுக்குச் சட்டத்தின் மேல் படியும் இடங்களில் தேங்கி நிற்கும். தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் வருடம் கழுவினான். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள். அப்புறம் மழை கழுவிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான்.

இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி ஏறக்குறைய இரண்டு மாதம் வீட்டோரம் சும்மா நின்றது. துருவைச் சுரண்ட நேரம் கிடந்தது. அவன் போனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். வண்டியின் தகுதிச் சோதனையான எப்.சி.க்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தான். கேபினுக்குப் பின்னால் இடது மூலையில் அது மறுபக்கம் வந்தது. திருப்பாலைவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் மூர்த்தியிடம் காட்டினான்.

"பட்டி கிட்டி பூசிடாத. தகட முழுசா அறுத்துட்டு புதுசு போடணும். பத்து நாள் வண்டிய உடு" என்றார் மூர்த்தி.

தடை முடிந்து படகுகள் அப்போதுதான் கடலுக்குப் போயிருந்தன. அந்த நேரத்தில் பத்து நாள் வண்டி நின்றால் பெண்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள், திரும்பி வரமாட்டார்கள் என்று பயந்தான். எப்.சி. முடியட்டும், பிறகு பார்க்கலாம். பழைய விளம்பரப் பலகையின் தகரத்தை வெட்டி ஓட்டைமேல் வைத்தான். சுற்றிலும் பட்டியை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து மட்டமாக்கினான். அவன் மனைவி ருக்கு பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இது மேல ஆளு நின்னா தாங்குமா?"

"ஐஸ் பொட்டிய அங்க வெச்சிடுவேன். எவளும் நிக்க மாட்டா."

பாடி முழுக்க நீலம் அடித்தான். மறுநாள் பெண்கள் வண்டியைச் சுற்றிவந்து, புதுசு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். எப்.சி.யும் ஆயிற்று. நாலு மாதம் அந்த மூலையில் ஐஸ் பெட்டி நகராமல் இருந்தது. ஐப்பசியில், விபத்து நடந்த அன்றைக்கு இறால் அதிகம் வந்ததால், ஒரு வியாபாரியின் பெரிய பெட்டியை ஏற்ற இடம் பண்ண வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டியை வலப்பக்கம் இழுத்து, பெரிய பெட்டியை அதன் பின்னால் வைத்தான்; இடது மூலை காலியாயிற்று. இழுக்கும்போதே அவனுக்கு அந்த மூலை ஞாபகம் வந்தது. ஒரு நாள்தானே என்று நினைத்தான்.

மருத்துவமனையில் ஜெயம்மாவின் கெண்டைக்காலில் பத்தொன்பது தையல் போட்டார்கள். பாதத்தைத் தூக்கும் நரம்பு அறுந்திருப்பதாகவும், பாதம் பழையபடி மேலே எழும்பாது என்றும் டாக்டர் சொன்னார். மறுநாள் தனசேகர் பார்க்கப் போனான். சொல்ல வேண்டியதை வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தான். அவனைக் கண்டதும் ஜெயம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"உன் வண்டி போச்சே சேகரு. எல்லாம் என்னாலதான். எரும மாதிரி ஒடம்ப வளத்து வெச்சிகினு பொத்துனு கால வெச்சேன் பாரு."

"அப்டிலாம் இல்லக்கா."

"இன்னா அப்டி இல்ல? ஏழு பேரு நிக்கறாங்க. எனக்கு மட்டும் ஏன் ஒடையுது?"

அவன் வாயைத் திறந்தான். "சீக்கிரம் சரியாயிடும்கா" என்றுதான் வந்தது.

வண்டியை மூர்த்தியின் பட்டறையில் விட்டிருந்தான். மூர்த்தி ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். பட்டியைப் பார்த்தார். ஜூன் மாதம் தான் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இப்ப அறுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் ருக்குவும் கேட்கவில்லை. தினமும் ஜெயம்மா வீட்டுக்குச் சோறு கொண்டுபோனாள். வந்து பாத்திரத்தைக் கழுவி வைத்தாள்.

வெல்டிங்கைத் தவிர மற்ற வேலையைத் தானே செய்கிறேன் என்று தனசேகர் சொன்னான். தகட்டை அறுத்து எடுத்ததும் அடியிலிருந்த சட்டங்களின் நிலைமை தெரிந்தது. துரு அடுக்கடுக்காக உரிந்து வந்தது. முதலில் நல்ல தண்ணீரால் கழுவினான். காயவிட்டு மறுபடி கழுவினான். உப்பு ஒரு துளி உள்ளே இருந்தாலும் பெயிண்டுக்கு அடியில் துரு திரும்பக் கிளம்பும் என்று மூர்த்தி எச்சரித்திருந்தார். கிரைண்டிங் மெஷினால் சட்டங்களை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தான். மெஷின் நுழையாத சந்துகளில் கம்பி பிரஷ். தும்மினால் மூக்கிலிருந்து செம்மண் நிறத்தில் வந்தது. மதியம் சாப்பிடக் கூப்பிட்டால் போகமாட்டான். கை வலித்தால் கொஞ்சம் தேவலாம் போலிருந்தது.

ஐப்பசி மழை வேறு. தேய்த்த இரும்பை அரை நாள் வெறுமனே விட்டால் ஈரக் காற்றில் மறுபடி மஞ்சள் பூத்துவிடும். வெயில் தலைகாட்டும் நேரம் பார்த்து, தின்னரால் துடைத்து, உடனே துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச வேண்டும். இரண்டு முறை பூசி முடிப்பதற்குள் தூறல் போட்டுக் கெடுத்தது. இரண்டு முறையும் முதலிலிருந்து சுரண்டினான்.

விபத்து நடந்த பன்னிரண்டாம் நாள், கட்டு மாற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பும் வழியில் ஜெயம்மா பட்டறை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கூட இந்திராணி இருந்தாள். ஜெயம்மா கம்பை ஊன்றி மெதுவாக உள்ளே வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"வண்டி எப்ப ரெடியாவும்? இவளுங்கல்லாம் பஸ்ல திட்டு வாங்கிகினு போறாளுங்க" என்றவள், தரையில் கிடந்த பழைய தகட்டைக் கம்பால் புரட்டினாள். அடிப்பக்கத்தில் விளம்பரத் தகரத்தின் பாதி எழுத்தும், அதைச் சுற்றிப் பட்டியும் தெரிந்தன. "இது இன்னாது சேகரு? செவுத்துக்குப் பூசற மாதிரி பூசிக்கீது?"

தனசேகர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தான். "பழைய ஓனரு பூசியிருப்பாரு போலக்கா. எனக்கே இப்பத்தான் தெரியுது."

பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த மூர்த்தியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி பொறி பறந்தது.

"அடப்பாவி மனுசா" என்றாள் இந்திராணி. "யாரு, அந்த மெதூர் வேதாசலமா?"

தனசேகர் இல்லை என்று சொல்லவில்லை.

வேதாசலத்தின் ஊர்த் தெருக்களில் கூடை தூக்கி மீன் விற்பவள் இந்திராணிதான் என்பது அந்த நேரம் அவன் நினைவில் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பழைய மொபெட் பட்டறை வாசலில் வந்து நின்றது. வேதாசலம் இறங்கினார். அறுபது தாண்டிய மெலிந்த மனிதர், முழங்கால்வரை காய்ந்த சேறு. நடவிலிருந்து அப்படியே வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தனசேகர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"அந்தத் தகடு எங்கப்பா?" என்று கேட்டார்.

காட்டினான். அவர் குந்தி உட்கார்ந்து தகட்டை மடியில் வைத்துப் பார்த்தார்.

"மீன்காரம்மா வாசல்ல வந்து கத்திட்டுப் போச்சு. தெருவே வேடிக்க பாத்துது. என் மருமக காது பொத்திக்கிட்டா. அது கெடக்கட்டும். நான் ராத்திரியெல்லாம் யோசன பண்ணேன் சேகர். பட்டி நான் பூசல, அது சத்தியம். ஆனா யூரியா மூட்ட ஏத்துவேன் இல்ல? ஒண்ணு ரெண்டு கிழிஞ்சு சிந்தியிருக்கும். யூரியா இரும்ப தின்னுடும். விக்கறதுக்கு முன்னாடி யாராவது எனக்குத் தெரியாம பூசிட்டாங்களான்னு என் பையன்கிட்டகூட கேட்டுட்டேன்." அவர் நிமிர்ந்தார். "அந்தம்மா வீடு எதுன்னு சொல்லு. நேர்ல பாத்து மன்னிப்பு கேட்டுட்டு வரேன். ரெண்டு நாளா சோறு எறங்கல."

தனசேகர் அந்த இடத்திலேயே உட்கார்ந்தான்.

"ஐயா, நீங்க போவாதீங்க. பட்டி நான்தான் பூசினேன். ஜூன் மாசம். இந்த மூர்த்தியண்ணன் வேணாம்னு சொன்னாரு, நான் கேக்கல. நீங்க குடுத்தப்ப தகடு கெட்டியா இருந்துது. நான்தான் கழுவாம உட்டுட்டேன்."

வேதாசலம் அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் தகட்டை மடியிலிருந்து இறக்கி வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் சாப்புடலாம்" என்றார். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தனசேகர் கையைக்கூடக் கழுவாமல் கிளம்பினான். ஜெயம்மா வீட்டு வாசலில் அவள் மகள் தட்டில் சோறு வைத்துக்கொண்டு அம்மாவிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "பாருண்ணா, ஒருவேளதான் துன்றா. அதும் ரெண்டு வாய். ஒடம்ப கொறைக்கறாளாம்."

"சும்மா இருடி" என்றாள் ஜெயம்மா. "வா சேகரு. உக்காரு. வண்டி புதுசாயிடுச்சின்னா எடையோட ஏறக் கூடாதில்ல, அதான்."

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். தடைக்காலத்தில் படுத்துக் கிடந்தது, தகரம் வெட்டியது, பெயிண்ட் அடித்தது, ஐஸ் பெட்டியை வைத்து மறைத்தது, வேதாசலத்தின் மேல் பழியைப் போட்டது, எல்லாவற்றையும். நடுவில் எங்கோ ருக்கு சோற்றுப் பாத்திரத்தோடு வந்து அவன் பின்னால் நின்றுவிட்டாள். "நான் டப்பா புடிச்சிகினு நின்னேன் ஜெயம்மா" என்றாள்.

ஜெயம்மா அவளைப் பார்க்கவில்லை.

"எந்த மூலையில ஓட்டன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்கா."

"நான் மொதல்ல ஏறறவ. கேபின் கம்பிய புடிச்சிகினு அந்தப் பக்கமாத்தான் நிப்பேன். அதும் தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்கு ஐஸ் பொட்டிய நவுத்தும்போது?"

தனசேகர் தலையைக் குனிந்துகொண்டான். "ஞாபகம் வந்துதுக்கா."

ஜெயம்மா கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பதினாலு நாளா என் ஒடம்ப நானே திட்டிகினு இருக்கேன்டா. கண்ணாடியில மூஞ்சி பாக்கல. நீ வந்து வந்து பாத்துட்டுப் போன. சீக்கிரம் சரியாயிடும்னு சொன்ன." மகள் கையிலிருந்த தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "போ. எம்முன்னாடி நிக்காத. ருக்கு, நீயும் போ. சோறு வேணாம்."

மறுநாள் காலை பாலத்துக்குப் பக்கத்தில், கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்ற மற்றப் பெண்களிடமும் சொன்னான். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள், இன்னொருத்தி தடுத்தாள். இந்திராணி அன்றைக்கே கூடையிலிருந்து நல்ல மடவையாக நாலு எடுத்துக்கொண்டு வேதாசலம் வீட்டு வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி தான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டான்.

வண்டி முடிய இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. மூர்த்தி கனமான தகட்டை வைத்து விளிம்பு முழுக்க இடைவெளி விடாமல் வெல்டிங் வைத்தார். தனசேகர் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய ஓட்டை போட்டான். இணைப்புகளில் பசை போட்டு அடைத்தான். அடிப்பக்கம் படுத்துக்கொண்டு தார் மாதிரிப் பூச்சை இரண்டு தடவை பூசினான். சொட்டியது தாடியில் ஒட்டி, மண்ணெண்ணெய் போட்டும் போகாமல் சவரம் செய்ய வேண்டியதாயிற்று. மேலே என்ன கலர் என்று மூர்த்தி கேட்டதற்கு, வேண்டாம், ரெட் ஆக்சைடுக்கு மேல் சாம்பல் நிறப் பூச்சு போதும், துரு வந்தால் உடனே கண்ணுக்குத் தெரியட்டும் என்றான்.

பொங்கல்வரை அந்த வண்டியில் ஐஸ் பெட்டிகள் மட்டும் போயின. தை கடைசியில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஏறுவதற்கு முன்னால் மூலைக்கு மூலை காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார்கள். அவன் இறங்கிக் கைகட்டி நின்றான். மாசியில் நாலு பேர் ஆனார்கள். இந்திராணி பஸ்ஸில்தான் போகிறாள்.

ஜெயம்மாவால் பொன்னேரிக்குப் போக முடியவில்லை. வலது பாதம் தரையை இழுத்துக்கொண்டு வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை போட்டு உட்கார்ந்தபடியே மீன் விற்கிறாள். முன்புபோல் வியாபாரம் இல்லை. விடியற்காலையில் தனசேகர் ஐஸை உடைத்து அவள் பலகை அருகில் வைத்துவிட்டுப் போவான். முதல் வாரம் அவள் அதைத் தள்ளிவிட்டாள், அது கரைந்து ஓடியது. அப்புறம் தள்ளவில்லை. அவனிடம் பேசவேண்டி வந்தால் 'டிரைவரே' என்று கூப்பிட ஆரம்பித்தாள். சேகரு என்ற பேர் அவள் வாயில் இல்லை.

பங்குனியில் ஒரு நாள் ஜெயம்மா டாக்டரிடம் காலைக் காட்டப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு ஆட்டோ ஸ்டிரைக். மகளோடு ரோட்டோரம் வெகுநேரம் நின்றவள், அவன் வண்டி வந்ததும் கையைக் காட்டினாள். பின்பக்கம் திரும்பியே பார்க்காமல், கேபின் கதவைத் திறந்து கம்பை முதலில் வைத்து, ஏறி உட்கார்ந்தாள். மகள் கதவோரம் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் இறங்கி ஓடிவந்து கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் மகளின் தோளைப் பிடித்து இறங்கினாள்.

"மத்தியானம் ஒரு மணிக்கு வருவோம்" என்றாள். "இருக்க முடியும்னா இரு, டிரைவரே."

அவன் பன்னிரண்டு மணிக்கே வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் காத்திருந்தான்.